படகு அறைக்கு எந்த ஏசி? காட்பாடி மொட்டை மாடியில் போட்ட கணக்கு

வேலூரைக் கேலி செய்யும் பழைய சொலவடையில் 'தண்ணியில்லாத ஆறு' என்று ஓர் அடி வரும். அந்தப் பாலாற்றுக்கு வடகரையில், காட்பாடியில் என் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து ஆறவிட்டுப் பாய் விரித்து, போன வருடம் அக்னி நட்சத்திரத்தின் நடுவில் மூன்று பேர் உட்கார்ந்து படகுக்கு ஏசி வாங்குவதைப் பற்றிப் பேசினோம். பக்கத்து மாடியில் படுத்திருந்தவர் காதில் விழுந்திருந்தால் எங்களுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்.

தங்கை வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் வியாபாரம். அவரும் ஆம்பூர்க்காரரான கூட்டாளியும் சேர்ந்து ஆலப்புழையில் பழைய ஹவுஸ்போட் ஒன்றை வாங்கியிருந்தார்கள். இரண்டு படுக்கையறை, முன்னால் உட்காரும் கூடம், பின்னால் சமையல்கட்டு. காட்பாடியில் ராத்திரி ஆலப்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் பகலுக்குள் படகில் கால் வைக்கலாம் என்பது அவர்கள் போட்ட முதல் கணக்கு. இரண்டாவது கணக்கு ஏசி. அதற்கு என்னைப் பிடித்தார்கள். நான் பதினோரு வருடம் துபாயில் படகுகளுக்கு ஏசி மாட்டியும் கழற்றியும் பிழைத்தவன்.

மாப்பிள்ளைக்கு ஆசை, துபாய் யாட்டுகளில் இருப்பது போலத் தண்ணீரில் குளிரும் மெரைன் யூனிட்தான் வேண்டும். "மச்சான், வெளியே டப்பா தொங்கவே கூடாது" என்றார். கூட்டாளி நேர் எதிர். படகோடு வந்த பழைய ஒன்றரை டன் ஸ்ப்ளிட் இரண்டும் அப்படியே இருக்கின்றன, கேஸ் அடித்தால் சரியாகிவிடும், எதற்குப் புதுச் செலவு என்றார். நான் இரண்டுக்கும் பதில் சொல்லாமல், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்தப் படகில் கரண்ட் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படகில் ஏசி என்றால் பாதிப் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது. மீதிப் பாதி ஈரம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் தவறுவது அதில்தான்.

வேலூரில் வளர்ந்தவனுக்கு ஏசி என்றால் சூட்டோடு சண்டை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும், காற்றில் ஈரமே இருக்காது, துணி அரை மணியில் காயும். ஆலப்புழையில் அதே மாதம் 32, 33 டிகிரிதான். நம்மைவிட ஏழெட்டு டிகிரி குறைவு, அதனால் சின்ன வேலை என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. 40 டிகிரியில் ஈரப்பதம் 25 சதவீதம் இருக்கும் வேலூர்க் காற்றில், ஒரு கிலோ காற்றுக்குச் சுமார் 11, 12 கிராம் நீராவி இருக்கும். 32 டிகிரியில் 75 சதவீதம் இருக்கும் ஆலப்புழைக் காயல் (உப்பங்கழி) காற்றில் 22, 23 கிராம். இரண்டையும் 25 டிகிரிக்கு, ஈரம் பாதியாக இருக்கும் நிலைக்குக் கொண்டுவர, அந்தக் 'குளிர்ந்த' ஆலப்புழைக் காற்றுக்கு வேலூர்க் காற்றைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். நீராவியைத் தண்ணீராக்கி வெளியே விடுவதிலேயே பெரும்பகுதி சக்தி போய்விடுகிறது.

ஏர்கூலர் பற்றியும் இதிலேயே முடித்துவிடலாம். நம் ஊரில் ஜன்னல் ஓரம் வெட்டிவேர்த் தட்டி வைத்த கூலர் மே மாதத்தைத் தள்ளிவிடும். படகில் அது ஏற்கெனவே நனைந்த காற்றை இன்னும் நனைக்கும், மெத்தை நாறும்.

இன்னொரு வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. நம் கான்கிரீட் தளம் பகல் வெயிலைக் குடித்துவிட்டு நள்ளிரவு வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அதனால் வேலூரில் ராத்திரி பத்து மணிக்கும் ஏசிக்குச் சூடு கிடைத்துக்கொண்டே இருக்கிறது, கம்ப்ரசர் ஓடுகிறது, ஓடுவதால் ஈரமும் தானாக இறங்குகிறது. ஹவுஸ்போட்டின் மேல் இருப்பது மூங்கில், ஓலை, பாய், உள்ளே கொஞ்சம் பிளைவுட். பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்தில் அது ஆறிவிடும். சூடு போய்விட்டது, ஈரம் மட்டும் அப்படியே நிற்கிறது. இந்த நேரத்தில் பெரிய ஏசி என்ன செய்யும்? பத்து நிமிடத்தில் சொன்ன டிகிரியை எட்டிவிட்டு நின்றுவிடும். அறை குளிர்ந்திருக்கும், ஆனால் போர்வை பிசுபிசுக்கும்.

கூட்டாளியின் பழைய ஒன்றரை டன்னுக்கு எதிராக நான் வைத்த முதல் புகார் இதுதான். 120 சதுர அடி அறைக்கு அது பெரிசு. "வீட்டு ஹாலுக்கே ஒன்றரை டன்தானே போட்டிருக்கோம்" என்றார் அவர். ஹாலுக்கு மேல் தளம் இருக்கிறது, படகுக்கு மேல் ஓலை இருக்கிறது என்றேன்.

இரண்டாவது புகார் ஸ்டார்ட்டிங். ஒரே வேகத்தில் ஓடும் பழைய ஃபிக்ஸட் ஸ்பீட் கம்ப்ரசர் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல் நாலைந்து மடங்கு கேட்கும். படகிலிருந்த 5 கேவிஏ ஜெனரேட்டர் மொத்தமே 21, 22 ஆம்பியர் கொடுக்கக்கூடியது. இரண்டு அறை ஏசியும் ஒரே நேரத்தில் கிளம்பினால் விளக்கு மங்கும், ஜெனரேட்டர் முனகும், கம்ப்ரசர் சுற்ற முடியாமல் திணறி ஓவர்லோடில் நிற்கும். இப்படியே நூறு தடவை நடந்தால் வைண்டிங் போய்விடும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி மாட்டி இதைத் தணிக்கலாம். பழசை விட மனமில்லாதவர்களுக்கு அது நல்ல மருந்துதான். அதற்காகப் பணம் கொடுப்பதற்குள் அந்த யூனிட்டின் வயதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேஸ் அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் கிடையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. படகில் அது இரண்டு இடத்தில் இருக்கும்: எஞ்சின் அதிர்வில் தளர்ந்த, குழாயை இணைக்கும் ஃபிளேர் நட், அல்லது உப்புக்காற்று தின்ற, சூட்டை வெளியே விடும் கன்டென்சர் காயில். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் அடிப்பவர் அடுத்த சீசனுக்கும் உங்களிடம் வர வழி செய்துகொள்கிறார், அவ்வளவுதான்.

சரி, மாப்பிள்ளையின் ஆசைக்கு வருகிறேன். இது விஷயமுள்ள ஆசை, ஏளனம் செய்ய முடியாது.

மெரைன் யூனிட்டில் வெளிக்காற்றுக்குப் பதில் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. படகின் அடியில் ஒரு துளை, அதில் மூடித் திறக்கும் வால்வு, அடுத்து குப்பை பிடிக்கும் ஸ்ட்ரெய்னர், பிறகு பம்ப், அங்கிருந்து குழாய் மேலேறி கன்டென்சர் சுருளுக்குள் நுழைந்து, சூடான தண்ணீராகப் படகின் பக்கவாட்டில் ஊற்றும். சுருள் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம், உப்புக்குச் சீக்கிரம் தேயாது. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் பதினொரு லிட்டர் ஓட வேண்டும். எல்லாம் கட்டிலுக்கு அடியில் அடங்கிவிடும். சத்தம் குறைவு, கூரையில் கனம் ஏறாது, படகின் அழகு கெடாது.

துபாயில் இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆகஸ்டில் அங்கே வெளிக்காற்று 45 டிகிரி, கடல் தண்ணீர் 33, 34. பத்து டிகிரிக்கு மேல் லாபம். ஆலப்புழையில் இந்த லாபம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஹவுஸ்போட்டில் ஏசி பெரும்பாலும் ஓடுவது ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை. பல படகுகள் விருந்தினருக்கே அந்த நேரத்தைத்தான் எழுதிக் கொடுக்கின்றன. அந்த நேரத்தில் வெளிக்காற்று 26, 27 டிகிரிக்கு வந்துவிடும். பகலெல்லாம் வெயிலில் கிடந்த ஆழமில்லாத காயல் தண்ணீர் 29, 30 டிகிரியில் நிற்கும். தண்ணீரைவிடக் காற்றே குளிர்ச்சி! காற்றைவிடத் தண்ணீர் சூட்டை நன்றாகக் கடத்தும் என்பது உண்மை, அதனால் மெரைன் யூனிட் ஒன்றும் மோசமாக ஓடாது. ஆனால் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவதற்கான காரணம் அங்கே கரைந்துவிட்டது.

அப்புறம் ஆகாயத்தாமரை. வேம்பநாட்டுக் காயல் பக்கம் போனவர்களுக்குச் சொல்ல வேண்டாம், சில மாதங்களில் தண்ணீரே தெரியாது. அதன் வேர்த்தூள், பிளாஸ்டிக் பை, நெல்வயலிலிருந்து வரும் சேறு எல்லாம் ஸ்ட்ரெய்னரில் வந்து உட்காரும். தண்ணீர் குறைந்தால் கன்டென்சரில் அழுத்தம் ஏறி, ஹை பிரஷர் என்று காட்டிவிட்டு யூனிட் நின்றுவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது அடித்தளப் பலகையைத் தூக்கி, வால்வை மூடி, ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவி மாட்ட வேண்டும். படகோட்டியை அங்கே ஸ்ராங்க் என்பார்கள், நம் பக்கத்துச் சாரங்குதான். பகலெல்லாம் வெயிலில் ஓட்டியவரை அந்த நேரத்தில் எழுப்புவது நடக்கிற காரியமா என்று யோசியுங்கள். கடல் உப்பைத் தடுக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணை திறந்திருக்கும் மாதங்களில் உப்பு ஏறும், அதோடு சிப்பிப் பூச்சும் வரும். வருடத்துக்கு ஒரு முறையாவது லேசான அமிலம் சுற்றவிட்டுச் சுருளைக் கழுவ வேண்டும்.

என் சொந்தப் பிழை ஒன்றும் இருக்கிறது. துபாய்க்குப் போன இரண்டாம் வருடம், ஒரு விருந்துப் படகில் பம்பிலிருந்து போகும் குழாயை ஒரு குறுக்குச் சட்டத்துக்கு மேலே ஏற்றி இறக்கிவிட்டேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது. அந்த மேட்டில் காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டது. இந்தப் பம்புகள் தாமாகத் தண்ணீரை உறிஞ்சித் தூக்காது, நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் நிரம்பும், குழாயும் வழியில் எங்கும் இறங்காமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். இது தெரியாமல் மூன்று நாள் யூனிட்டையே சந்தேகப்பட்டு இரண்டு தடவை கழற்றினேன். நாலாம் நாள் ஒரு பாகிஸ்தானிக் கிழவர் குழாயைப் பார்த்துச் சிரித்தார். அதிலிருந்து படகில் ஏறியதும் நான் முதலில் பார்ப்பது வெளியே ஊற்றும் தண்ணீரைத்தான். கட்டை விரல் கனத்துக்குத் தடையில்லாமல் விழுகிறதா, பார்த்துவிட்டுத்தான் ரிமோட்டைத் தொடுவேன்.

கடலுக்குப் போகிற, கண்ணாடி அடைத்த அறைகள் உள்ள, கூரையில் இடமே இல்லாத படகாக இருந்தால் மாப்பிள்ளை சொன்னதற்குத் தலையாட்டியிருப்பேன். பாய் மறைப்பும் ஓலைக் கூரையுமாகக் காயலில் நிற்கும் கெட்டுவள்ளத்துக்கு (ஹவுஸ்போட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) வேண்டாம் என்றேன். அவர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

ஆக, மிஞ்சியது ஒரு டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட், கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் ரகம். வீட்டில் மாட்டுவதேதான். கம்ப்ரசர் மெதுவாகக் கிளம்புவதால் ஜெனரேட்டரை உதைக்காது. முழு வேகத்தில் கிலோவாட்டை ஒட்டி இழுக்கும், அறை ஆறிய பிறகு முந்நூறு நானூறு வாட்டுக்கு இறங்கிவிடும். உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும், ஆலப்புழையில் தெருவுக்குத் தெரு மெக்கானிக் இருப்பார்.

குறையும் உண்டு. அவுட்டோர் ஒவ்வொன்றும் முப்பது கிலோவை ஒட்டி வரும், அதைக் கூரையில் ஏற்றினால் படகின் கனம் மேலே போகிறது. நாங்கள் பின்பக்கம் சமையல்கட்டுச் சுவரை ஒட்டித் தாழ்வாக, ரப்பர் கட்டைமேல் உட்கார வைத்தோம். செம்புக் காயிலும் மேல்பூச்சு உள்ள ஃபின்னும் இருக்கிற மாடல் என்று கேட்டு வாங்க வேண்டும், வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். செம்புக் குழாயை இழுத்துப் பிடித்து மாட்டாமல் ஒரு வளையம் விட்டு மாட்டினால் அதிர்வைத் தாங்கும்.

இன்டோரில் எல்லோரும் மறப்பது ட்ரெயின். வீட்டுச் சுவர் சாயாது, படகு சாயும். முன்பக்கம் பத்துப் பேர் உட்கார்ந்தால் மூக்கு இறங்கும், பின்னால் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் வால் இறங்கும். ரசமட்டம் வைத்துக் கச்சிதமாக மாட்டிய இன்டோரிலிருந்து மெத்தைமேல் சொட்டும்போது மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. அறைக்கு ஒரு ராத்திரிக்கு நாலைந்து லிட்டராவது இறங்கும் ஊர் அது. ட்ரெயின் குழாய்க்கு நல்ல சரிவு கொடுத்து நேராகப் படகுக்கு வெளியே விட வேண்டும். அடித்தளத்தில் விட்டால் மரம் ஊறும்.

ஒற்றைக் குழாய் வைத்த போர்ட்டபிள் ஏசி ஒன்றையும் கூட்டாளி நடுவில் கொண்டுவந்தார். அது அறைக் காற்றையே வெளியே தள்ளும், தள்ளிய அளவுக்கு வெளி ஈரக்காற்று பாய் இடுக்குகள் வழியே உள்ளே வரும். அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

பாய் இடுக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது: ஏசிக்கு முன்னால் அறையை அடைத்தோம். உள்பக்கம் பிளைவுட், மூலைகளில் சிலிகான், கதவடியில் ரப்பர் பட்டை, குளியலறைக் கதவுக்குத் தானாக மூடும் ஸ்பிரிங். இந்தச் செலவு மொத்த ஏசிச் செலவில் ஒரு துளி. எந்த ஏசி என்று இவ்வளவு பேசியதில் அதிகப் பலன் கொடுத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி கரண்ட். இரண்டு அறை, ஒன்பது மணி நேரம், அறைக்குச் சராசரி 450 வாட் என்று வைத்தால் ஒரு ராத்திரிக்கு எட்டு யூனிட். இதை மூன்று வழியில் கொடுக்கலாம்.

ஜெனரேட்டரை விடிய விடிய ஓட்டுவது பலரும் செய்வது. 5 கேவிஏ மெஷின் நாலு கிலோவாட் கொடுக்க வந்தது, நாம் அதில் ஒரு கிலோவாட்கூடக் கேட்பதில்லை. கால் பங்குச் சுமையில் டீசல் எஞ்சின் தன் சூட்டுக்கே வராது, எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் சேரும், நாளாக நாளாக எண்ணெய் குடிக்கும். மணிக்கு முக்கால் லிட்டர் என்றாலும் ராத்திரிக்கு ஏழு லிட்டர், லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிற்கும்போது எழுநூறு ரூபாய் புகையாகிறது. சத்தம் வேறு.

கரையிலிருந்து வயர் இழுப்பது அடுத்த வழி. மீனவர் வலை விரிக்கும் நேரம் என்பதால் ஹவுஸ்போட்டுகள் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் கரை ஒதுங்கிவிட வேண்டும். அது நமக்கு வசதி. ராத்திரி முழுக்கப் படகு நகராது, பிளக் மாட்டலாம். அதே எட்டு யூனிட் வணிகக் கட்டணத்தில் வாங்கினாலும் டீசல் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஒரே நிபந்தனை, படகு தினமும் நம் இணைப்பு இருக்கும் துறைக்கே திரும்ப வேண்டும். விருந்தினர் வயல் நடுவே ஒதுக்குப்புறமாக நிற்க வேண்டும் என்று கேட்டால் வயர் எட்டாது.

பேட்டரிதான் எனக்குப் பிடித்த வழி. கேரளத்தில் இது புதுசும் இல்லை. வைக்கம்–தவணக்கடவு இடையே 'ஆதித்யா' சூரிய சக்திப் படகு 2017இலிருந்து பயணிகளை ஏற்றுகிறது. 2023இல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகள் ஏசி போட்டுக்கொண்டே பேட்டரியில் ஓடுகின்றன. நம் எட்டு யூனிட்டுக்கு, பேட்டரி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டரில் ஆகும் இழப்பையும் அடிவரை வற்றவிடாமல் இருப்பதையும் சேர்த்தால், 11, 12 யூனிட் கொள்ளும் லித்தியம் ஃபாஸ்ஃபேட் பேட்டரி வேண்டும். எடை நூறு கிலோவைத் தாண்டும், அவ்வளவுதான். வீட்டு யூபிஎஸ் மாதிரி டியூபுலர் பேட்டரியில் இதையே செய்யலாம் என்று கூட்டாளி சொன்னார். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருக்கும், பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். பத்துப் பதினோரு பேட்டரி, ஒவ்வொன்றும் ஐம்பது அறுபது கிலோ. படகில் ஏசி இருக்கும், ஆள் ஏற இடமிருக்காது.

பேட்டரி இருந்தால் ஜெனரேட்டருக்கும் மரியாதை வரும். சாயந்திரம் ஐந்திலிருந்து ஒன்பது வரை மட்டும் அதை நல்ல சுமையில் ஓட்டலாம்: பேட்டரி ஏறும், இரண்டு அறையும் முன்கூட்டியே குளிரும், சமையல்கட்டு மிக்ஸியும் ஓடும். ஒன்பது மணிக்கு அணைத்தால் தவளைச் சத்தம் கேட்கும். கூரையில் மூன்று கிலோவாட் சோலார் போட்டால் வெயில் நாளில் 12 யூனிட் வரும், ஆனால் அதற்குப் பதினைந்து சதுர மீட்டராவது தட்டையான இடம் வேண்டும். வளைந்த ஓலைக் கூரையில் அது எங்கே? ஜூன் மழையில் வரவும் சுருங்கிவிடும்.

மின்சாரத்தில் இரண்டு விஷயம் பேரம் பேசக்கூடாதவை. ஒன்று, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அதை மாட்டினால் மட்டும் போதாது. ஜெனரேட்டரில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்காமல் மிதந்துகொண்டிருந்தால் ஷாக் அடித்தாலும் அது ட்ரிப் ஆகாது. கரை மின்சாரத்துக்கு மாறும்போது அந்த இணைப்பு படகில் இருக்கக்கூடாது. மாற்றும் சுவிட்சே இதைப் பார்த்துக்கொள்ளும்படி, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்ய வேண்டும். தண்ணீரில் கசியும் கரண்ட், பக்கத்தில் குளிப்பவரையும் பிடிக்கும்.

இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு அலாரம். படகுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு வரிசையாக நிற்கும் இடத்தில், பக்கத்துப் படகு ஜெனரேட்டர் புகை நம் கதவிடுக்கில் வரலாம். அந்த வாயுவுக்கு வாசனை இல்லை. ஏசி அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பும், வெளியேற்றாது. மெரைன் யூனிட் வைப்பவர்கள் அதை எஞ்சின் அறைக்குள் வைக்கக்கூடாது என்பதும் இதனால்தான். நாங்கள் ஏசி வருவதற்கு முந்தின நாளே இரண்டு அறையிலும் தலைமாட்டு உயரத்தில் அலாரம் மாட்டிவிட்டோம்.

எல்லாம் மாட்டி முடித்து ஜூன் தொடக்கத்தில் மூன்று பேரும் போய் ஒரு ராத்திரி தங்கினோம். மாப்பிள்ளை தன் அறையில் வேலூர்ப் பழக்கத்தில் 18இல் வைத்து ஃபேனை முழு வேகத்தில் விட்டுப் படுத்தார். எதிர் அறையில் கூட்டாளியும் நானும். 26, ஃபேன் மெதுவாக, படுக்கப்போகுமுன் ஒரு மணி நேரம் ஈரத்தை இறக்கும் டிரை மோடு.

காலையில் மாப்பிள்ளை அறைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, சுவர்ப் பலகை ஓரம் கறுத்திருந்தது. வெளிக்காற்றின் ஈரம் 25 டிகிரியை ஒட்டியே பனியாக மாறத் தயாராக நிற்கும் ஊர் அது. அதற்குக் கீழே பலகையைக் குளிர வைத்தால் இடுக்கில் நுழையும் காற்று அங்கேயே வியர்க்கும், பூஞ்சை அதில்தான் பிடிக்கும். ஃபேன் வேகமாக ஓடினால் காயில் போதுமான அளவு குளிராது, ஈரம் குறைவாகத்தான் இறங்கும். எங்கள் அறையில் துண்டு காய்ந்திருந்தது.

நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் 2020 ஜனவரியிலிருந்து 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்று அதற்குக் கணக்கும் சொல்கிறார்கள். படகுக்கு நான் அதிலும் ஒன்றிரண்டு கூட்டுவேன். மெரைன் யூனிட் வைத்திருப்பவர்கள் ஃபேன் அமைப்பையும் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் நின்ற பிறகும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தால், காயிலில் ஒட்டிய தண்ணீரை மறுபடியும் அறைக்கே ஊதிவிடும். கம்ப்ரசரோடு சேர்ந்து ஃபேனும் நிற்கும்படி மாற்றிக்கொள்ள வேண்டும். ஆள் இல்லாத நாட்களில் படகைப் பூட்டிவிடாமல், வாரத்தில் இரண்டு நாளாவது சில மணி நேரம் டிரை மோடில் ஓட்டச் சொல்லியிருக்கிறோம்.

இப்போதைக்கு ராத்திரி கரை மின்சாரம், வெளியே நிற்க வேண்டி வந்தால் பழைய ஜெனரேட்டர். பேட்டரி அடுத்த சீசன் வரவைப் பார்த்து. மாப்பிள்ளை மட்டும் ஒவ்வொரு தடவை ஆலப்புழைக்குப் போய் வரும்போதும் பின்பக்கம் நிற்கும் இரண்டு அவுட்டோரையும் ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறார். போன வாரம் அதைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டி மறைத்திருந்தார். காற்றுப் போக முன்னால் ஒன்றரை அடி விடச் சொல்லி ஃபோன் பண்ணினேன்.